நான்காம் பக்கத்தில் இல்லாத பெயர்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
9.10.1984

அன்பு மகன் கிரிகரிக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் கிள்ளானில் உன் அக்கா மகதலேனா குடும்பமும் சுகம். நீயும் அந்தச் சீமைக் குளிரில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். கை நடுங்குவதால்தான் நான் இரண்டு மாதமாக உனக்கு எழுதவில்லை என்று பக்கத்து வீட்டு சாந்தமேரி பூசை முடிந்து வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாளாம். என் கை நடுங்கவில்லை, இந்த எழுத்தைப் பார்த்தாலே தெரியும். கோபத்தில் கடிதம் எழுதக்கூடாது என்று கான்வென்டில் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், அதனால் காத்திருந்தேன், கோபம் போகவில்லை, எழுதுகிறேன்.

உன் ஆராய்ச்சித் திட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்று அச்சுப் பிரதியை அனுப்பியிருந்தாய். முழுவதும் படித்தேன். முதலில் நீ எழுதியதைப் பேராசிரியர் திருப்பிக் கொடுத்து, உலகத்து இரும்பையெல்லாம் நீ ஒருவனே ஆராயப் போகிறாயா என்று கேட்டபோது, ஆங்கிலத்தைத் திருத்தித் தாருங்கள் அம்மா என்று என்னிடம்தான் வந்தாய். ஒரே கேள்வி கேள், முதல் பக்கத்திலேயே கேள் என்றேன். தண்டவாளத்தின் போல்ட் துளையில் கிளம்பும் விரிசல் எதுவரை மெதுவாக வளரும், எப்போது சட்டென்று ஓடி முறிக்கும் என்ற அந்த ஒரு கேள்வி நிற்பதற்குத் தாள் நான்கு முறை கடல் கடந்தது. அதற்கு ஆதாரமாகத்தான் உன் அப்பா ரயில்வேயில் இருந்தபோது எழுதி விட்டுப்போன நோட்டுப் புத்தகங்களை வரி வரியாக நகலெடுத்து அனுப்பினேன். கூட்ஸ் வண்டி ஊர்ந்து போகும் ஒதுக்குப் பாதையில் பழைய தண்டவாளத்தைப் போட்டு, விரிசலின் நுனியில் சுண்ணாம்புக் கோடு கிழித்து, அடுத்த மாதம் எவ்வளவு தாண்டியிருக்கிறது என்று பதினெட்டு வருடம் அளந்தவர் அவர். யாரும் கேட்காமல் செய்த வேலை. நீயோ, இத்தகைய விரிசல்களைக் களத்தில் நீண்டகாலம் அளந்தவர் எவரும் இல்லை என்று நான்காம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். ஆறாம் பக்கத்தில் அவர் அளவுகளே விண்ணப்பதாரர் திரட்டியவை என்று நிற்கின்றன. முதல் வரியில் இருப்பது 1961 ஜூன் மாதத்து அளவு. அப்போது உனக்கு ஐந்து வயது, கிரிகரி. சாந்தமேரி வீட்டுத் தொலைபேசியில் நீ கூப்பிட்டபோது இதைக் கேட்டேன். அம்மா, யாருமே செய்யலன்னு ஒரு இடைவெளி காட்டினாத்தான் படிப்பாங்க லா, எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்க என்றாய். மூன்றாம் வரைவில் அவர் பெயர் இருந்தது. புகழ்ச்சி அங்கே நிற்காது என்று ஒரு அடைமொழியை மட்டும் நான் அடித்தேன். பெயரை அடித்தது நீ. அவர் அளந்தார், ஏன் அப்படி வளர்ந்தது என்று அவருக்குத் தெரியாது. அந்த இடைவெளி உனக்குப் போதவில்லையா?

அப்பாவுக்குச் சுண்ணாம்புக் கட்டி எடுத்துக் கொடுத்த ஜெயராஜ் போன வாரம் பாசாரில் காய்கறி வாங்கும்போது என்னை நிறுத்தி, அம்மா, ஐயா பேரு சீமைப் பேப்பர்ல வந்துருச்சாமே, ஒரு தடவ காட்டுங்கம்மா, படிக்கத் தெரியாட்டியும் தொட்டுப் பாக்குறேன் என்றார். தபாலில் வந்துகொண்டிருக்கிறது என்றேன். எழுபது வயதில் உனக்காகச் சொன்ன பொய். பாவசங்கீர்த்தனத்தில் பொய்யைச் சொன்னேன், உன் பெயரைச் சொல்லவில்லை.

மகதலேனா பின்னிய கம்பளிச் சட்டை தனியாக வருகிறது, போட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே. மாதா உன்னைக் காப்பாளாக. அந்த அளவுகள் யாருடையவை என்று உன் பேராசிரியருக்கு எழுது, அதன் நகலை எனக்கு அனுப்பு. தொலைபேசியில் கூப்பிடாதே. பதிலை எழுதி அனுப்பு.

உன் அம்மா,
பிலோமினா ரபேல்