மைக்கில் வாசித்த ஜெபக்குறிப்பு

அன்புள்ள அண்ணா,

குப்பாயி தன் வீட்டுக்குத் தெரியாமல் என்னோடு ஜெபிக்கிறாள் என்று உங்களை நம்பித்தான் எழுதினேன். அவளுக்காகத் தனியாக ஜெபிக்கக் கேட்டேன். நீங்களோ கள்ளக்குறிச்சி ஜெபக்கூட்டத்தில் அவள் பெயரையும் மலையூரையும் மைக்கில் வாசித்திருக்கிறீர்கள். அங்கே சந்தைக்கு வந்த அவள் மாமியார் காதில் அது விழுந்திருக்கிறது.

நேற்று அவளைத் தாய்வீட்டுக்குத் துரத்திவிட்டார்கள். துணிமூட்டையோடு என் வாசலில் நின்றாள்.

"ஒங்க சாமிகிட்ட சொல்லுங்கன்னா, சந்தைக்கே சொல்லிட்டீங்களே டீச்சர்."

எழுதியது என் தப்பு. வாசித்தது உங்கள் தப்பு. இதற்குப் பெயர் ஊழியமா?

இட ஒதுக்கீட்டு மறியலில் ரோட்டின் குறுக்கே மரம் வெட்டிப் போட்டிருக்கிறார்கள், பஸ் இல்லை என்று சாக்குச் சொல்லாதீர்கள். நடந்தே மலையேறி வந்து, அந்த மாமியாரிடமும் குப்பாயியிடமும் மன்னிப்புக் கேளுங்கள். அதுவரை அவளுக்காக நீங்கள் ஜெபிக்க வேண்டாம்.

ஆறாத கோபத்துடன்,
உங்கள் தங்கை