காதர் பொறுக்கிய இருபது நட்டுகள்

என் காதர் மச்சானுக்கு,

உன் கபரில் மூன்று கைப்பிடி மண் போட்டுவிட்டு வந்தவன், அதற்குப் பிறகு உன்னோடு பேசவே இல்லை. துக்கத்தால் பேசவில்லை என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டேன். அது பொய். வெட்கம்தான் காரணம். அந்த வெட்கத்தை உன்னிடம் மட்டும் சொன்னால் போதாது. அதனால் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். மயிலாப்பூரில் கார் வைத்திருக்கிறவர்களும், அந்தக் கார்களை ஓட்டுகிறவர்களும் படிக்கட்டும்.

உன்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நீ சிந்தாதிரிப்பேட்டையில், கூவம் நாற்றத்துக்கு நடுவே, ஒரு தகரக் கொட்டகையில் மோட்டார் ரிப்பேர் பார்த்தவன். நான் அபிராமபுரத்தில் ஒரு வக்கீல் வீட்டு டிரைவர். நமக்கு ஒரே வயது. என் ஜாதியும் உன் மதமும் வேறாக இருந்தும் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். வக்கீல் வீட்டில் எனக்குத் தனி டம்ளர். உன் வீட்டில் உன் டம்ளரிலேயே குடிப்பேன்.

யுத்தம் முடிந்தும் சீமையிலிருந்து சாமான் வராத சமயம் அது. வக்கீலின் பழைய அமெரிக்க வண்டியில் சக்கர நட்டுகள் முனை மழுங்கி, ஸ்பானர் பிடிக்காமல் வழுக்கின. கம்பெனி நட்டு எங்கும் இல்லை. கிடைக்கிறதில் எது சேரும் என்று பார்க்க நீயும் நானும் பழைய சாமான் கடைக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா?

கடைக்காரர் மூன்று தினுசு கொட்டினார். ராணுவ லாரியில் கழற்றியவை. பம்பாயிலிருந்து வந்த நிக்கல் பூச்சு நட்டுகள், முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தன. இன்னொன்று இங்கேயே எவரோ லேத்தில் கடைந்த கறுப்பு நட்டுகள். நான் நிக்கலை எடுத்தேன். நீ அதை என் கையிலிருந்து பிடுங்கித் திரும்பக் குவியலில் போட்டாய். சக்கரத்தையே தூக்கிக்கொண்டு வந்திருந்தாய். ஒவ்வொரு நட்டாக எடுத்து, கொண்டுவந்திருந்த பழைய போல்ட்டில் வெறும் விரலால் சுற்றினாய். கடைசி மரைச் சுற்று வரைக்கும் தடைபடாமல் போக வேண்டும். லாரி நட்டு பாதியில் இறுகியது. "ஸ்பானர் வெச்சா போவும். போல்ட்டத் தின்னுக்கினு போவும்" என்று ஓரமாக வைத்தாய்.

கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னா பாய், நட்டு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

"பொண்ணு பாக்கப் போனா பஜ்ஜியாவது குடுப்பாங்க நைனா. நீ தண்ணிகூட குடுக்கல."

அவர் சிரித்துவிட்டு டீ சொன்னார். நீ நிமிரவே இல்லை.

அடுத்தது கரி. அரிக்கேன் விளக்குச் சிம்னியில் வழித்த கரியை ஒரு சொட்டு எண்ணெயில் குழைத்துச் சின்ன டப்பாவில் வைத்திருப்பாய். நட்டின் அடியில் அதைத் தடவி, சக்கரத்தில் வைத்து இறுக்கி, மறுபடி கழற்றினாய். நட்டு உட்காருகிற குழி புனல் மாதிரிச் சரிந்திருக்கும். நட்டின் அடியும் அதே சரிவில் இருந்தால் குழிக்குள் கரி முழு வட்டமாக ஒட்டும். நிக்கல் நட்டின் அடி தட்டை. கரி நூல் கனத்துக்கு, அதுவும் அரை வட்டம்தான் ஒட்டியிருந்தது.

"பாத்தியா மச்சான், இது ஒக்காரல. நின்னுக்கினு கீது" என்றாய். "சக்கரத்துக்கு நகை வேணும்னா நகைக்கடைக்குப் போ. சக்கரம் கழலாம இருக்கணும்னா இந்தக் கறுப்பனை எடுத்துக்கோ."

அன்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, கறுப்பில் இருபது பொறுக்கினாய். இருபதையும் கரி வைத்துப் பார்த்தாய், இருபதும் முழு வட்டம். பத்தொன்பதோடு நிறுத்தியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? எத்தனையோ பட்டம் வாங்கினவர்களை நான் காரில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். தன் வேலையை அப்படிச் செய்கிற ஒருவரை அந்தப் பின் ஸீட்டில் நான் பார்த்ததில்லை.

ஒன்றரை வருஷம் அந்த நட்டுகள் ஓடின. ஒன்றுகூட இளகவில்லை. அப்புறம் உனக்கு விஷ ஜுரம் வந்தது. பதினோரு நாள். வக்கீல் வீட்டில் லீவு கேட்டேன். அரை நாள் கொடுத்தார்கள். உன்னை அடக்கம் செய்வதற்கு அது போதும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

இனிமேல்தான் நான் சொல்ல வேண்டியது.

இரண்டு மாதம் கழித்து வக்கீலின் பெண்ணுக்குக் கல்யாணம். ஜானவாச ஊர்வலத்துக்கு அவர் வண்டியைத்தான் கூரையை மடித்து அலங்கரிப்பதாக ஏற்பாடு. முன்தினம் வந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"என்னடா முருகேசா, நட்டெல்லாம் துருப்பிடிச்ச ஆணியாட்டம் இருக்கு. மாப்பிள்ளை உக்காந்துண்டு வரப்போற வண்டிடா. பளபளன்னு வாங்கி மாத்திடு."

"அது காதர் பொறுக்கினதுங்க. பிடிப்பு நல்லா இருக்குங்க."

"நட்டுன்னா நட்டுதானேடா. உன்னை வண்டி ஓட்டறதுக்கு வெச்சிண்டிருக்கேன். யோசனை சொல்றதுக்கு இல்லே."

போனேன். அதே கடை, அதே நிக்கல் நட்டு. கார் ஷெட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, நீ கொடுத்த டப்பாவைத் திறந்து கரியும் வைத்துப் பார்த்தேன் மச்சான். நூல் கனத்தில் அரை வட்டம். நீ காட்டிய அதே அரை வட்டம். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. வேலை போய்விடும் என்ற பயம். கந்தல் துணியை எடுத்துக் கரியைத் துடைத்தேன். இருபதையும் பலங்கொண்ட மட்டும் இறுக்கினேன். பலத்தால் சரிவு வந்துவிடுமா?

மறுநாள் பகலெல்லாம் எழும்பூர் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் சம்பந்தி வீட்டாரை ஏற்றி இறக்கினேன். முன் சக்கரத்தில் டக் டக் என்று சத்தம். இரண்டு தரம் இறங்கி இறுக்கினேன். சாயங்காலம் ஊர்வலத்தில் நாகஸ்வரச் சத்தத்தில் அந்த டக் டக் கேட்கவில்லை. மாட வீதி திருப்பத்தில் சக்கரம் கழன்று சாய்ந்தது. வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்தது. மாப்பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, தலைப்பாகை விழுந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் காஸ் லைட்டைத் தலையில் சுமந்து வந்த கன்னியம்மாளின் கால்மேல் மட்கார்டு இறங்கியது.

பத்துப் பேர் தலைப்பாகையை எடுக்க ஓடினார்கள். அவளைத் தூக்க நான் ஒருவன்.

சம்பந்தி, "யார் போட்ட சக்கரம் ஸ்வாமி இது?" என்று கத்தினார். வக்கீல் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "சிந்தாதிரிப்பேட்டை சாயபு ஒருத்தன். நாட்டு நட்டா மாட்டிட்டான். ஆளும் போயிட்டான்" என்றார். மாற்றச் சொன்னவர் அவர். மாற்றியவன் நான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் கன்னியம்மாளுக்குக் கட்டுப் போட்டு முடிந்ததும் அவள் கேட்டாள்.

"ஏன் நைனா, மெய்யாலுமே அந்தப் பாய் போட்ட நட்டா?"

"இல்லம்மா. நான் போட்டது."

"அந்த பாய் இன்னா சொல்றாரு?"

"அவன் செத்துட்டான்."

"தோ பாரு. செத்தவன் தலைல போட்டுட்டு வந்துகீறே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதும் எனக்கு உடனே ரோஷம் வந்துவிடவில்லை. ஒரு மாதம் ஆயிற்று. உன் கொட்டகையை நடத்தும் உன் தம்பி ரஹீம் என்னைத் தேடி வந்தான். "அண்ணே, மயிலாப்பூர் வண்டி ஒண்ணும் வர்றதில்ல. உங்க அண்ணன் போட்ட நட்டுதானே ஊர்கோலத்துல கழண்டுதுன்னு கேக்கறாங்க. நெசமா அண்ணே?" என்றான். தன் அண்ணனை அவனே சந்தேகப்படும்படி செய்துவிட்டோம் பார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்த உன் இருபது நட்டுகளையும் எடுத்துக்கொண்டு வக்கீலின் ஆபீஸ் அறைக்குப் போனேன். வழக்குக்காக வந்த கட்சிக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். மேஜைமேல் வைத்தேன்.

"காதர் போட்டது இது. நீங்க கழட்டச் சொன்னீங்க, நான் கழட்டினேன். விழுந்தது நிக்கல் நட்டு. சம்பந்தி கிட்ட சொல்லிடுங்க."

அவர் கோபப்படக்கூட இல்லை. "போனவனுக்கு இனிமே என்னடா நஷ்டம்? உனக்கு வேலை வேண்டாம்னா தாராளமா போ" என்றார். சாவியை அந்த நட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். நட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

செய்தி என்று சொன்னால் இதுதான். இப்போது ரஹீமோடு உன் கொட்டகையில் வேலை செய்கிறேன். அவன் முதல் நாள் என்னோடு பேசவில்லை, இரண்டாம் நாள் திட்டினான், மூன்றாம் நாள் டீ வாங்கிக் கொடுத்தான். கன்னியம்மாள் விந்தி விந்தி நடக்கிறாள். இன்னும் லைட் தூக்கப் போகிறாள். அவளுக்கு நான் என்ன செய்துவிட முடியும் என்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்குமோ?

கொட்டகை வாசலில் இரண்டு நட்டுகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறேன். வருகிறவர்கள் கேட்கிறார்கள். கறுப்பு, காதர் போட்டது. பளபளப்பு, முருகேசன் போட்டது. அப்படியே சொல்கிறேன். நேற்று ஆழ்வார்பேட்டை வண்டி ஒன்று வந்தது. டிரைவர் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, தன் வண்டிச் சக்கரத்தைத் தானே கழற்ற ஆரம்பித்தார்.

உன் கரி டப்பா என்னிடம்தான் இருக்கிறது மச்சான். எவன் வண்டியானாலும், எவன் அவசரப்படுத்தினாலும், கரி காட்டியதை உரக்கச் சொல்வேன். இனி துடைக்க மாட்டேன்.

உன் டம்ளரில் டீ குடித்த மச்சான்,
முருகேசன்