வலத்தா மரியாமுக்கு விட்ட இடம்

செனே 8

செனே மாதம் பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. எழுதுகிற ஆட்டுத்தோல் ஈரம் குடித்து எழுத்தெல்லாம் கசிகிறது. அடுப்போரம் காயவைத்து, ஒரு வரி எழுதி, மறுபடி காயவைத்து... இப்படியே போனால் மாதாவின் அற்புதங்களை அவளே இறங்கி வந்துதான் எழுதி முடிக்க வேண்டும்.

கிணற்றில் விழுந்த பிள்ளையை அவள் எடுத்துக் கொடுத்த கதை இன்று முடிந்தது. கடைசி வரியில் வழக்கம்போல் இடம் விட்டேன். ஒவ்வொரு கதையும் அந்த வரியில்தான் முடியும்: மாதாவின் ஆசி இன்னாருக்கு என்றென்றும் இருக்கட்டும். அந்த இன்னார் பெயர் சிவப்பு மையில் வரவேண்டும். இந்தப் புத்தகத்தில் அது, எழுதச் சொன்ன அத்மாசுவின் மகள். பெண் குழந்தைக்கு எண்பதாம் நாள்தான் ஞானஸ்நானம், அடுத்த மாதம் ஹம்லெ 30. அதுவரை அவளுக்குப் பெயர் கிடையாது.

கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்துப் பிறந்தவள். பிறந்தால் புத்தகம் எழுதிக் கோயிலுக்குக் கொடுப்பதாக அத்மாசு நேர்ந்துகொண்டிருந்தார். அதற்கும் அடுத்த மாதம் நெஹாசே 16, மாதா விண்ணேறிய திருநாளில் அதைப் படித்தாக வேண்டும். எனக்கு அவர் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை, வேளாவேளைக்குச் சாப்பாடு. விரதகாலம் என்பதால் மூன்று வாரமாக இஞ்செரா அப்பமும் கடலைமாவுக் குழம்பும்தான். குழம்பைப் பார்த்தாலே கோபம் வருகிறது.

செனே 15

படம் தொடங்கினேன். நடுவில் மாதா. காலடியில் அத்மாசுவும் அவர் மனைவி பெலைனெஷும். அவள் கையில் துணிச்சுற்று. அதற்குள் முகம் மட்டும் பாக்கி. பெயர் வைத்த பிறகு போடலாம்.

அத்மாசு வந்து தோள்மேல் எட்டிப் பார்த்தார். நல்லவர்களை நேர்முகமாக, இரண்டு கண்ணும் தெரிய வரைவோம். பாவிகளுக்குப் பக்கவாட்டு முகம், ஒற்றைக் கண். அது எல்லாருக்கும் தெரியும். அவர் சொன்னார்: "என் கண்ண நல்லாப் பெருசாப் போடும் மெர்ஷா. வரி வாங்க வர்றானே, அவனையும் ஒரு ஓரமா ஒத்தக் கண்ணோட ஒக்கார வையும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர் முகத்தைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தேன்.

செனே 24

குழந்தை பாலைக் கக்குகிறது.

செனே 27

கக்குவது நிற்கவில்லை, வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. மழை நிற்கும்வரை லாரி வராது.

கோயில் சாமியார் கெப்ரெ கிதான் ஓடையைத் தாண்டி வந்து வாசலில் நின்றபடியே பேசினார். உயிருக்கு ஆபத்தென்றால் எண்பது நாள் பார்க்க வேண்டியதில்லை, ஒரு வார்த்தை சொன்னால் வந்து ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்றார். கண்டிப்பானவர்தான், ஆனால் இதைத் தானாக வந்து சொன்னார்.

அத்மாசு கேட்கவில்லை. "இப்பவே தண்ணி ஊத்துனா, பிள்ள போயிரும்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. குடுத்தவ புடுங்க மாட்டா சாமி." ஊற்றச் சொல்லுங்கள் என்று நான் கத்தியிருக்க வேண்டாமா? அவர் சோற்றைத் தின்கிறவன். என்னமோ முனகினேன், யாருக்கும் கேட்கவில்லை.

ஹம்லெ 2

பெலைனெஷ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். இத்தனை நாளில் இதுதான் முதல் தடவை. வலத்தா மரியாம் என்று பெயரை முடிவு செய்துவிட்டார்கள். மாதாவின் மகள்.

"பேர எழுதிருங்கண்ணே. புஸ்தகத்துல ஏறிட்டா மாதாவுக்கு ஞாபகம் இருக்கும்ல."

ஞானஸ்நானத்துக்கு முன்னால் எழுதக்கூடாது என்றேன். அவள் வாதாடவில்லை. குழந்தையின் கை துணிக்கு வெளியே கிடந்தது. அதை உள்ளே வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஹம்லெ 3

எழுதிவிட்டேன். முதல் கதையில், சிவப்பில். சாயங்காலம் குழந்தை பால் குடித்தது, கக்கவில்லை.

ஹம்லெ 7

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. தோல் காய்கிற நாளுக்கு ஒன்று. எழுதுகிற நாளெல்லாம் குடிக்கிறாள்! பெலைனெஷ் வாசலில் வந்து நிற்பாள், நான் தலையாட்டுவேன், போய்விடுவாள். எழுத்தால் பிள்ளை பிழைக்குமா என்று வேறு எவனாவது கேட்டிருந்தால் நானே அவனைக் கேலி செய்திருப்பேன். தாயே, நான் பைத்தியம் ஆகிறேனா?

ஹம்லெ 9

ஐந்தாவதை எழுதினேன். குடிக்கவில்லை.

ஹம்லெ 10

ஆறாவதையும் எழுதினேன். ஒன்றும் இல்லை. அழவும் குரல் இல்லை அதற்கு. என்ன செய்யட்டும், சொல்லேன். கிணற்றில் விழுந்ததை எடுத்தாய், ஆற்றோடு போனதை எடுத்தாய், என் கையாலேயே எழுதினேனே எல்லாவற்றையும்.

ஹம்லெ 11

விடிந்ததும் அத்மாசுவே கோவேறு கழுதையில் சாமியாரைக் கூட்டிவரக் கிளம்பினார். ஓடையில் வெள்ளம். இந்தக் கரையில் இவர், அந்தக் கரையில் அவர், கத்திக் கத்திப் பேசினார்களாம். வெள்ளம் வடிய மதியம் ஆகிவிட்டது.

நனைந்து நடுங்கியபடி சாமியார் வந்து சேர்ந்தபோது பெலைனெஷ் பிள்ளையின் முகத்தை மூடியிருந்தாள்.

ஹம்லெ 12

கோயில் மதிலுக்கு வெளியே புதைத்தோம். ஞானஸ்நானம் பெறாததற்கு மந்திரம் இல்லை, மணி இல்லை. சாமியார் குழி மூடும்வரை மழையில் நின்றார்.

ஹம்லெ 17

அத்மாசு வந்து படத்தின் முன்னால் உட்கார்ந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "என்னைய ஒத்தக் கண்ணோட போட்டுரும் மெர்ஷா."

அவர் எழுந்து போய்விட்டார்.

ஹம்லெ 22

பெயரை எழுதிய விஷயம் சாமியார் காதுக்குப் போய்விட்டது. திட்டவில்லை. ஞானஸ்நானம் இல்லாத பெயரைக் கோயிலில் படிக்க முடியாது, சுரண்டிவிடு என்றார். நியாயம்தான். கத்தியைத் தீட்டித் தோலில் வைத்தேன். திரும்ப எடுத்து உறையில் போட்டுவிட்டேன்.

ஹம்லெ 30

இன்று எண்பது.

நெஹாசே 4

அத்மாசுவின் முகம் இன்னும் வரையப்படாமலே நிற்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் பெலைனெஷையே கூப்பிட்டுக் கேட்டேன். அவர் இப்படிச் சொன்னார், உங்களுக்கு எப்படி?

படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வைவாள் என்று நினைத்தேன். வைய உரிமை உள்ளவள் அவள்தானே.

"ரெண்டு கண்ணும் போடுங்கண்ணே. அழறதுக்கு அவருக்கு ரெண்டும் வேணும்."

போட்டேன். துணிச்சுற்றுக்குள் அந்த முகத்தையும் வரைந்தேன். நான் அந்தப் பிள்ளையைச் சரியாகப் பார்த்ததே இரண்டொரு தடவைதான். மாதா மடியிலிருக்கும் பாலனுக்குப் போடும் கண்களையே போட்டேன்.

நெஹாசே 14

தைத்து, அட்டை போட்டுக் கொடுத்தாயிற்று. சுரண்டவில்லை என்று சாமியாரிடம் சொல்லவில்லை. மிச்சக் கதைகளில் இடம் அப்படியே காலியாக இருக்கிறது.

நெஹாசே 16

கோயில் நிறையக் கூட்டம். பிரசவத் தீட்டின் எண்பது நாள் கழிந்ததால் பெலைனெஷ் இன்று உள்ளே வரலாம். வந்தாள். மகளைத் தூக்கிக்கொண்டு வரவேண்டிய கோயிலுக்குக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் சால்வைக்குள் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அத்மாசு எப்போதும் முன்வரிசைக்காரர். இன்று உள்ளேயே வரவில்லை, வெளியே நின்றுவிட்டார்.

சாமியார் முதல் கதையைப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார். சுரண்டாத பெயர் அங்கே இருக்கிறது. எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிடப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் தலை தூக்கவில்லை. விரலை வரியின்மேல் வைத்து, மற்ற வார்த்தைகளைப் படித்த அதே குரலில் படித்தார். "அன்பு மகள் வலத்தா மரியாமுக்கு என்றென்றும் இருக்கட்டும்."

கூட்டம் ஆமென் சொன்னது. பெலைனெஷ் உதடு அசைந்ததா என்று நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. எல்லாரும் சொல்லி முடித்த பிறகு, வெளியே மழையிலிருந்து, பிந்தி ஒரு குரல் வந்தது. ஆமென்.

சாமியார் அதற்காகக் காத்திருந்துவிட்டு, அடுத்த ஏட்டைப் புரட்டினார்.