முதுகுப் பக்கத்துக் கல்யாணப் படம்

மார்ச் 3

அன்புள்ள படக்காரருக்கு,

நலம்தானே? போனில் பேச ஆரம்பித்தால் நமக்குச் சண்டை வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். எழுதும்போது கோபம் வருவதற்குள் கை வலித்துவிடுகிறது.

ஒரு வேலை வந்திருக்கிறது. ஒரு பத்திரிகையின் கல்யாணச் சிறப்பிதழில் பத்துப் பக்கப் படங்கள், ஒரு மாடல் ஜோடிக்கு நான் உடை அலங்காரம் செய்து. உடை, இடம், கதை எல்லாமே என் இஷ்டம். "மாளிகை, பூப்பந்தல் எல்லாம் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு. உங்க மனசுக்குள்ள இருக்கிற கல்யாணம் எதுவோ அதைப் பண்ணுங்க" என்று ஆசிரியை சொல்லிவிட்டார். யோசித்துப் பார்த்தேன். பதிவு அலுவலகத்தில் நடந்த நம் கல்யாணம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

ஊருக்கெல்லாம் கல்யாணப் படம் எடுத்துத் தருகிறவர் நீங்கள், நம் கல்யாணத்துக்கு ஒரு படம்கூட இல்லை. கேமரா உங்கள் தோளில்தான் தொங்கியது. அடுத்தவர் கையில் கொடுக்கத்தான் உங்களுக்கு மனசு வரவில்லை. நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

இந்தப் பத்துப் பக்கப் படங்களை நீங்கள் எடுத்துத் தர முடியுமா? வக்கீல் அனுப்பிய விவாகரத்துத் தாள்கள் என் மேஜையில் அப்படியே கிடக்கின்றன. இந்த வேலை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஊசி

மார்ச் 9

அன்புள்ள ஊசிக்கு,

வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டுதான் இந்தக் கடிதத்தையும் எழுதியிருப்பாய். விழுங்கிவிடாதே.

வருகிறேன். இதைக் கேட்கவும் வேண்டுமா? நம் கல்யாணத்தன்று நல்ல மழை, அது கட்டாயம் வேண்டும். மாப்பிள்ளையின் காலர் நனைந்து கழுத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். நீ என் அக்காவின் ரவிக்கையைப் போட்டிருந்தாய், பழுப்பு நிறம்.

நீ போன பிறகு வீடு அலங்கோலமாகக் கிடக்கிறது என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. அதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. அக்கா வந்திருந்தாள். "உன் வாயைக் கொஞ்சம் கட்டியிருந்தா அவ ஏன் போறா?" என்று கேட்டுவிட்டு, நான் போட்ட டீயையும் குறை சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் குடும்பமே இப்படித்தான்.

இப்படிக்கு,
படக்காரன்

மார்ச் 15

அன்புள்ள படக்காரருக்கு,

ரவிக்கை பழுப்பு இல்லை, மெரூன். போகட்டும்.

இடம் கிடைத்துவிட்டது. மூடிப்போன ஒரு வங்கிக் கிளை, நம் பதிவு அலுவலகம் மாதிரியே. சுவரில் பாதி உயரத்துக்குப் பச்சைப் பெயின்ட், அதுவும் உரிந்து கிடக்கிறது. இரும்பு அலமாரி, நீள பெஞ்சு, ஆடிக்கொண்டே சுற்றும் மின்விசிறி எல்லாம் இருக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்க் குழாயைத் தூக்கிப் பிடித்து மழை பெய்ய வைக்கப்போகிறேன். பூ என்று பார்த்தால் செய்தித்தாளில் சுற்றிய ஒரு கைப்பிடி வெள்ளைப் பூதான். நீங்கள் அன்று வாங்கி வந்தது அவ்வளவுதான்.

எங்கள் தொழில் உங்களுக்குத் தெரியும். மாடலை முன்னாலிருந்து பார்த்தால் உடை அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். முதுகைப் பார்த்தால் வரிசையாகக் கிளிப் மாட்டி இழுத்துப் பிடித்திருப்போம். அதனால் முதுகுப் பக்கம் யாரும் படம் எடுப்பதில்லை. இந்தத் தடவை கடைசிப் படம் முதுகிலிருந்துதான் வேண்டும். பெண் கையெழுத்துப் போடுகிறாள், அவள் முதுகில் மாப்பிள்ளையின் கை.

ஒரே ஒரு வேண்டுகோள். நான் வைத்ததை வைத்தபடி எடுங்கள். வீட்டில் நான் மடித்த துணியைத் திரும்ப மடித்தீர்கள். நான் நாலு பேருக்குச் சொன்ன கதையை நடுவில் புகுந்து திருத்தினீர்கள். இதை மட்டுமாவது விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஊசி

ஏப்ரல் 2

அன்புள்ள ஊசிக்கு,

படங்களைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். உனக்கும் ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, என்ன வேலை செய்திருக்கிறாய். அந்த அறையில் ஒரு பொருளைக்கூட நான் நகர்த்தவில்லை. அதை நீயும் கவனித்திருப்பாய்.

கடைசிப் படத்தில் உன் கிளிப் மூன்றும் பளிச்சென்று தெரிந்தன. "எடுத்துடட்டுமா?" என்று அங்கேயே கேட்டேன். நீ "இருக்கட்டும், எடுங்க" என்றாய். கிளிப்பை எடுத்தால் முன்னால் தொளதொளத்துவிடும், பிறகு கம்ப்யூட்டரில் அழித்துக்கொள்ளலாம் என்று சொல்கிறாய் என எனக்குப் புரிந்தது. உட்கார்ந்து கிளிப்புகளை அழித்து, ஒவ்வொரு மடிப்பாகச் சரிசெய்தேன். இப்போது ஒரு சுருக்கம் கிடையாது. கையும் முதுகும் மட்டும்தான்.

அந்தப் படத்தைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எழுத வெட்கமாக இருக்கிறது, நேரில் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

இப்படிக்கு,
உன் படக்காரன்

ஏப்ரல் 6

வணக்கம்.

ஆசிரியைக்கு அந்தப் படம்தான் ரொம்பப் பிடித்துவிட்டது. அதையே அட்டையில் போடுகிறார்கள். அச்சுக்கும் போய்விட்டது. எல்லோரும் பாராட்டுகிறார்கள்.

ஆனால் அந்தக் கிளிப்புகளை நான் வேண்டுமென்றுதான் வைத்தேன். அன்று உங்கள் அக்காவின் ரவிக்கை எனக்குப் பெரிதாக இருந்தது. துணிக்கொடியிலிருந்து மூன்று கிளிப்பை உருவி அக்காதான் முதுகில் மாட்டிவிட்டார். அலுவலகத்தில் என் ஈர முந்தானை நழுவிவிட்டது. பின்னால் நின்ற குமாஸ்தா கிளிப்புகளைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. நீங்கள் எனக்குப் பின்னால் வந்து கையை வைத்து மறைத்தீர்கள். நான் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை எடுக்கவில்லை. எத்தனையோ சண்டைக்குப் பிறகும் அந்தக் கையை நினைத்துத்தான் பொறுத்துக்கொண்டேன். இந்தப் பத்துப் பக்கமும் அதற்காகத்தான்.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். உங்களுக்கே ஞாபகம் வரட்டும் என்று பேசாமல் இருந்தேன். அது என் பிடிவாதம். இப்போது கோபம் இல்லை, உங்கள் படத்தைப் பார்த்து நன்றாக அழுதுவிட்டேன்.

தாள்களில் கையெழுத்துப் போட்டு நேற்று வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நான்

ஏப்ரல் 20

அன்புள்ள ஊசிக்கு,

பதில் எதிர்பார்த்து இதை எழுதவில்லை.

அந்தக் கை எனக்கு ஞாபகம் இருந்தது. கல்யாணத்தில் எனக்கும் அது ஒன்றுதான் பளிச்சென்று ஞாபகம். எதற்காக வைத்தேன் என்பதுதான் மறந்துபோயிற்று. உன்மேல் இருந்த ஆசையில் வைத்தேன் என்றே இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையை அப்படிக் கை வைக்கச் சொன்னாய் பார், உன் மனசிலும் அதுவே இருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் படத்தை யாரும் குறை சொல்லிவிடக்கூடாது என்றுதான் கிளிப்பை அழித்தேன். நேரில் சொல்ல நினைத்தது இதைத்தான். அன்றே எழுதித் தொலைத்திருக்கலாம்.

அசல் படத்தை நான் அழிப்பதில்லை. பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நீலக் கிளிப் இரண்டு, சிவப்பு ஒன்று. ஓரத்தில் வெளிச்சம் கொஞ்சம் கூடிவிட்டது. திருத்தக் கை துறுதுறுத்தது, ஆனாலும் தொடவில்லை. நம் கல்யாணத்துக்குப் படம் இல்லை என்று இனிமேல் சொல்லாதே.

தாள்களில் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் கையெழுத்து அதில் இருந்தது. அதைப் போடும்போது உனக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
படக்காரன்