நான் இடம் மாற்றிய பட்டன்

இன்று காலை நம் ஆப்பின் புது வெர்ஷனை என் போனில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு திரையைத் தொட்டேன். "மாத்திரை போட்டாச்சு, பட்டன்" என்றது போனின் குரல். ஐந்து மாத வேலை. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. உனக்கு எழுதத் தோன்றியது.

மேடவாக்கம் ஆபீஸில் மாத்திரை நேரம் சொல்லும் அந்த ஆப்பை நாம் ஆரம்பித்தபோது இரண்டு வழி இருந்தது. போனிலேயே இருக்கிற பட்டன்களையும் எழுத்துகளையும் பயன்படுத்துவது ஒன்று. அதற்கு ஒவ்வொரு வகைப் போனுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். இன்னொன்று, எல்லாவற்றையும் நாமே திரையில் வரைந்துவிடுவது. ஒரு தடவை எழுதினால் போதும், எல்லாப் போனிலும் ஒரே மாதிரி தெரியும். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

உனக்குத் தெரிந்தது. சர்க்கரை அதற்குள் உன் பார்வையில் பாதியைத் தின்றிருந்தது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரலை நம்பித்தான் வேலை பார்த்தாய். "மச்சான், நீ வரையறது பட்டன் இல்லடா, பட்டனோட படம். அதைத் தொட்டா என் போன் வாயே திறக்காது" என்றாய். டீம் லீடாக இருந்த நான், நாள் குறைவு என்று வரைகிற வழியையே எடுத்தேன். குரலை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

பார்வை முழுதும் போய், வேலையை விட்டு அஸ்தினாபுரத்தில் வீட்டோடு இருந்தபோதும் நீ அதே ஆப்பைத்தான் வைத்திருந்தாய். எந்தப் பட்டன் எங்கே என்பது உன் விரலுக்கு மனப்பாடம் என்று உன் மனைவி சொன்னார். ஒரு அப்டேட்டில், பார்க்க நன்றாக இருக்கும் என்று நான் பட்டன்களை இடம் மாற்றினேன். 'பிறகு ஞாபகப்படுத்து' என்று நினைத்து நீ 'போட்டாச்சு'வை அழுத்தியிருக்கிறாய். நீ போட்டுவிட்டதாக எடுத்துக்கொண்டு ஆப் மறுபடி ஞாபகப்படுத்தவே இல்லை; இப்படி இரண்டு நாள் மாத்திரை தவறிப்போனது.

போன் செய்தாய். குரலில் கோபமே இல்லை. "பட்டனை எங்கடா வெச்ச?"

மேலே, வலது பக்கம் என்றேன். சரி என்று வைத்துவிட்டாய். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

சில மாதங்களில் உன் சிறுநீரகம் கைவிட்டது. அந்த இரண்டு நாளால் இல்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். அவரிடம் கேட்டது நான்தான்.

உன் காரியம் முடிந்த வாரமே எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத உட்கார்ந்தேன், போனின் சொந்தப் பட்டன்களை வைத்து. நேற்று மீட்டிங்கில் மேனேஜர், பார்க்க முன்னே மாதிரியேதானே இருக்கிறது, யாருக்காக இத்தனை மாதம் என்று கேட்டார். உன் பெயர் தொண்டை வரை வந்தது.

"யூசர்ஸுக்குத்தான் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

சொல்லாத அந்தப் பெயர் இன்னும் அங்கேயே நிற்கிறது.