சூடான நியூட்ரலும் ஆறிய சாப்பாடும்

மார்ச் 4, செவ்வாய்
தையல் கூடத்து மின்பேனலின் தலையில் இன்றும் டிபன் பாக்ஸ் வரிசை. எடுக்கச் சொன்னால் சிரிக்கிறார்கள். "இருக்கட்டும் சார், மத்தியானம் வரைக்கும் சூடா இருக்கு." அவர்களுக்கெல்லாம் மேற்பார்வையாளர் என் மனைவி. அவளுடைய பாக்ஸ்தான் நட்டநடுவில். எலக்ட்ரீஷியனான நான் யாரிடம் போய் முறையிடுவது?

மார்ச் 6
ஆமாம், பேனல் எதற்குச் சூடாகிறது? எல்லாத் திருகையும் முறுக்கினேன். சூடு குறையவில்லை. என் கைதான் வீங்கியது.

மார்ச் 7, வெள்ளி
ஒருத்தியின் பிளாஸ்டிக் டப்பா உருகிப் பேனலோடு ஒட்டிக்கொண்டது. பேனலைத் திறந்து மீட்டரை மாட்டினேன். கரண்ட் வரும் மூன்று ஃபேஸிலும் அறுபது ஆம்பியர். மிச்சக் கரண்ட் திரும்பிப் போகும் ஒயர், சும்மா கிடக்க வேண்டிய நியூட்ரலில் — தொண்ணூற்றைந்து! மீட்டரைத் தட்டினேன். அதே. ஒயரின் உறை கருகத் தொடங்கியிருக்கிறது. கூடம் முழுக்கத் துணி. ஒரு பொறி போதாதா?
முதலாளியிடம் ஓடினேன். "புது மோட்டார் போட்டோம், எல்இடி போட்டோம், பில் பாதியாச்சு. இப்பப் போய் ஒயர் சுடுதுங்கறீங்க!"

மார்ச் 10
அதுதான் காரணமே. வாடகைக் கருவியில் அலையைப் பார்த்தேன். வழவழவென்று ஏறி இறங்க வேண்டியது பல் முளைத்து நிற்கிறது. புது மோட்டாரும் விளக்கும் மின்சாரத்தைச் சீராகக் குடிப்பதில்லை. அலையின் உச்சியில் மட்டும் மடக்கென்று இழுக்கின்றன. இதற்குப் பெயர் ஹார்மோனிக்ஸ்.
மனைவிக்கு விளக்கினேன்: "மூணு ஃபேஸும் உன் மூணு அண்ணன்மாருன்னு வச்சுக்கோ. ஆளுக்கொரு பக்கம் பேசினா ஒருத்தர ஒருத்தர் அடக்கிடுவாங்க. எனக்குத் தொல்லையில்ல. மூணு பேரும் ஒரே குரல்ல ஆரம்பிச்சா மொத்தமும் என் தலையில. நான்தான் நியூட்ரல்."
"எங்க அண்ணன்களை எதுக்கு இழுக்கறீங்க?"

மார்ச் 11
அதையே முதலாளியிடம் சொன்னேன். அவருக்கு நான்கு மச்சான்கள். உடனே புரிந்துவிட்டது. அந்த அலையை வடிகட்டும் ஃபில்டர் வாங்கச் சம்மதம்!

மார்ச் 16, ஞாயிறு
நியூட்ரலுக்கு இரண்டு மடங்கு தடித்த ஒயர் போட்டேன். அந்தக் கெட்ட அலைகளைப் பேனல் வரை வரவிடாமல் வழியிலேயே பிடித்துக்கொள்ளும் ஃபில்டரையும் மாட்டியாயிற்று. எல்லா மோட்டாரையும் விளக்கையும் ஓடவிட்டுப் பார்த்தேன். நியூட்ரலில் இப்போது பன்னிரண்டு ஆம்பியர். பேனலைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. ஆளில்லாத கூடத்தில் எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

மார்ச் 17
மத்தியானம் ஒரே கூச்சல். "சார், சாப்பாடு கல்லு மாதிரி இருக்கு!"
"தீப்பிடிக்காம காப்பாத்தியிருக்கேம்மா!"
"அது சரி சார். சாப்பாடு?"
மனைவி தன் பாக்ஸைப் படக்கென்று மூடினாள். அதுதான் பயமாக இருந்தது.

மார்ச் 18
வீட்டிலும் ஆறின சாப்பாடு. அடுப்பு கைக்கெட்டும் தூரத்தில்! "அங்க அத்தனை பேரும் ஆறினதைத்தானே திங்கறாங்க? உங்களுக்கு மட்டும் என்ன தனியா?"

மார்ச் 20
இன்றும்.

மார்ச் 21
ஃபில்டரைக் கழற்றிவிட்டால் என்ன? — சீ, என்ன புத்தி இது.

மார்ச் 23, ஞாயிறு
முதலாளியிடம் கெஞ்சி, சாப்பாடு சூடாக்கும் மின்பெட்டி வாங்க வைத்துவிட்டேன். இன்று மாட்டினேன். கூப்பிடாமலே மனைவி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.
"இதுவும் மடக்கு மடக்குன்னு இழுக்குமா?"
"இல்ல. வெறும் சூட்டுக் கம்பி. அலை எப்படி வருதோ அப்படியே எடுத்துக்கும்."
"பரவாயில்லையே. உங்களைவிட நல்ல குணம்."

மார்ச் 24
இரவுச் சாப்பாடு நாக்கைச் சுட்டுவிட்டது. ஊதி ஊதிச் சாப்பிட்டேன்.