நூறு முதலா, நூற்றுக்கு மேலா?

என் எஸ்தர் அக்கா,

ஐப்பசி மழையில் உன்னை மண்ணுக்குக் கொடுத்தோம். இப்போது மாசி. நடுவில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் சபைப் பத்திரிகைக்காரர்களிடம் கொடுத்து இதை அச்சிலேயே போடச் சொல்லியிருக்கிறேன். உனக்கு எழுதுவதை நாலு பேர் படிக்கட்டும்.

நீ நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில், உன் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து வைத்திருந்த முந்நூறு ரூபாயைத் தாவீது அண்ணனிடம் கொடுத்தார்கள். மூன்றும் நூறு ரூபாய் நோட்டு. அண்ணன் அதுவரை அந்த நோட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. நீ ஆசைப்பட்டபடியே கெடாரில் ஒரு ஏக்கர் புன்செய்யை முந்நூறுக்குப் பேசி முடித்தார், கிணற்றில் பங்கோடு. நம் சனத்துக்கு நிலம் எழுதித் தரச் சம்மதித்தவர் அந்த ஊரில் அந்த நிலத்துக்காரர் ஒருத்தர்தான். பொங்கல் கழிந்து பத்திரம் என்று பேச்சு.

பொங்கலுக்கு முன்தினம் விழுப்புரத்திலிருந்து ஒரு தமிழ்ப் பேப்பர் ஊருக்குள் வந்தது. முதல் பக்கத்தில் கை அகல எழுத்து: "நூறு ரூபாய் முதல் நோட்டுகள் செல்லா! உங்கள் பணம் இனி காகிதம்!" வெள்ளைக்கார சர்க்கார் செல்லாது என்று சொன்னது ஐந்நூறு, ஆயிரம், பத்தாயிரம் நோட்டுகளை. 'நூற்றுக்கு மேல்' என்று எழுத வேண்டியதை 'நூறு முதல்' என்று எழுதிவிட்டார்கள். எண்ணத் தெரிந்தவர்கள் செய்கிற காரியமா அக்கா?

நிலத்துக்காரர் அண்ணனைக் கூப்பிட்டனுப்பினாராம்.

"தாவீது, அந்த நோட்டு செத்துப்போச்சுன்னு பேப்பர்ல போட்டுக்கினு இருக்கான் பாரு. பத்து ரூவா நோட்டா கொண்டா, எழுதறேன். இல்லாட்டி வேற ஆளு ரெடியா இருக்கான்."

அண்ணன் நோட்டை மாற்ற விழுப்புரத்துக்கு ஓடினார். கஜானா பொங்கல் லீவு. ஸ்டேஷன் வாசலில் அதே பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றிருக்கிறான். நூறு ரூபாய் நோட்டுக்கு அறுபது தருவேன், நாளைக்கு இதுவும் கிடைக்காது என்று சொல்லியிருக்கிறான். அவனைச் சுற்றி ஒரே கூட்டமாம்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. திண்டிவனத்தில் எங்கள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை இங்கிலீஷ் பேப்பரைப் படித்து, நூறு ரூபாய் நோட்டு செல்லும் என்று சொல்லியிருந்தார்கள். நமக்கு வந்த வினை இல்லை என்று நிம்மதியாக, பொங்கலன்று கரி எரித்து ஓடுகிற கரிவண்டி பஸ் பிடித்துக் கெடாருக்குப் போனேன். அண்ணன் துண்டில் முடிந்திருந்த பத்து ரூபாய் நோட்டுக்கட்டை என் முன்னால் அவிழ்த்துவைத்தார்.

"எப்டியோ நூத்தியெம்பது தேத்திட்டேன் ரூத்து. இல்லாட்டி மொத்தமும் பூட்டிருக்கும்."

அவர் முகத்தில் தப்பித்த சந்தோஷம். அண்ணிதான் என்னை உலுக்கினாள்.

"இன்னா ரூத்து, இன்னாத்துக்கு இப்டி நிக்கற? சொல்லு!"

சொன்னேன். அண்ணன் மறுபடி கேட்டார். மறுபடியும் சொன்னேன். நோட்டுகளை அப்படியே விட்டுவிட்டுப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆரம்பித்தார். அண்ணி பொங்கல் பானையை இறக்க மறந்துபோனாள்.

நிலத்துக்காரரிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். "நான் இன்னாம்மா பண்றது? பேப்பர்ல போட்டான், நம்பிட்டேன். இருக்கற பணத்துக்கு எழுதறேன்" என்றார். நூற்றெண்பதுக்கு அறுபது சென்ட் எழுதினார். கிணற்றுப் பங்கு மிச்ச நாற்பது சென்டோடு போய்விட்டது.

ஊர் திரும்பியதும் திண்டிவனம் ஸ்டேஷன் ரோட்டில் அந்தப் பேப்பரின் ஏஜெண்டைப் பார்த்தேன். மரியாதையான மனுஷர்தான், உட்காரச் சொன்னார்.

"மறுநாளே திருத்தம் போட்டாச்சே டீச்சரம்மா, பாக்கலியா?"

எடுத்துக் காட்டினார். உள்பக்கத்தில் ரயில் நேரத்துக்கும் தைல விளம்பரத்துக்கும் நடுவில் இரண்டு வரி. முதல் நாள் கை அகல எழுத்து, மறுநாள் எறும்பு எழுத்து.

"கெடாருக்கு அந்த மறுநாள் பேப்பர் போச்சுங்களா?" என்று கேட்டேன்.

"அதெங்க போவும்? 'செத்தது'ன்னு போட்டாதான் கேட்டு வாங்கறான். 'சாகல'ன்னு போட்டா எவன் வாங்குவான்?"

அவர் கேலிக்குச் சொல்லவில்லை அக்கா, வியாபாரத்தைச் சொன்னார். அதுதான் என்னை அறைந்தது.

அதோடும் விடவில்லை. போன வாரம் அதே பேப்பரில் ஒரு கட்டுரை: 'பணம் பண்ணிய சாமர்த்தியசாலிகள்.' அறுபதுக்கு நோட்டு வாங்கி நூறாக்கியவர்களுக்கு 'நூற்றுக்கு நாற்பது லாபம்' என்று எழுதியிருக்கிறார்கள். முதல் அறுபது, லாபம் நாற்பது என்றால் நூற்றுக்கு அறுபத்தாறு சொச்சம். என் வகுப்புப் பெண் இப்படிக் கணக்குப் போட்டால் மறுபடி போடச் சொல்லுவேன். நட்டப்பட்டவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. யாருடைய பணம் அந்த லாபம் என்று எழுதியவருக்குத் தோன்றவே இல்லையா?

பத்திராதிபருக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை.

அண்ணன் இப்போது அறுபது சென்டில் மல்லாட்டைக் கடலை போட்டிருக்கிறார். கிணற்றுக்காரரின் காலைப் பிடிக்காத குறையாகத் தண்ணீர் கேட்கிறார். நேற்று என்னிடம், "அக்கா ராத்திரி பகலா நின்னு சம்பாரிச்ச பணம். அக்கா உசிரோட இருந்திருந்தா என்னை இன்னா கேட்டிருக்கும்?" என்றார். நீ என்ன கேட்டிருப்பாய்?

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த நாற்பது சென்ட் இன்னும் விலைக்குப் போகவில்லை. என் சம்பளத்தில் மாதம் ஐந்து ரூபாய் தனியாக வைக்க ஆரம்பித்துவிட்டேன். கிணற்றுப் பங்கோடு அதையும் வாங்குவோம். எந்தப் பேப்பர் எத்தனை பெரிய எழுத்தில் அலறினாலும், நானும் அண்ணனும் சேர்ந்து உட்கார்ந்து கடைசி வரி வரை படிக்காமல் ஒரு நோட்டும் கை மாறாது. அண்ணன் எழுத்துக் கூட்ட ஆரம்பித்திருக்கிறார் அக்கா. 'முதல்' என்ற சொல்லில் வந்து நின்றுவிடுகிறார். தாண்ட வைப்பேன்.

உன் முதுகில் ஏறி வளர்ந்த தங்கை,
ரூத்